பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு

எங்கள் வீட்டுத் தலைவாசற் சுவரில் ஆணி ஒன்று; அதில் தொங்கும் பஞ்சாங்கமோ இரண்டு. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றுக்கும் இது பொதுவான காட்சி. புத்தாண்டு பிறக்கும் நேரத்தை ஒன்று ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் சொல்லும். நாமும் இரண்டையும் கேட்டு, வசதியான நேரத்தில் மருத்துநீர் வைத்துக்கொள்வோம். அதனால் எவருக்கும் இழப்பில்லை. ஆயின், இறந்தவர்க்குத் திதி கொடுக்கும் நாளில் இவ்விரு நூல்களும் முரண்பட்டால், வீடு இரண்டாகும்.

எங்கள் வீடு அவ்வாறு இரண்டானது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றதை வாசகர்கள் அறிவர். சென்ற இடத்தில், நவம்பர் மாத நடுப்பகுதியில், ஒரு வைகறைப் பொழுதில் எந்தையார் உயிர் நீத்தார். ஐப்பசித் தேய்பிறை. வாக்கிய பஞ்சாங்கம் அந்நேரத்துக்கு ஒரு திதி சொல்லிற்று. திருக்கணிதம் அதற்கடுத்த திதியைச் சொல்லிற்று. சத்தமியா, அட்டமியா என்பது வழக்காயிற்று. “ஐயா உயிரோடு இருந்த நாளெல்லாம் பார்த்த பஞ்சாங்கம் இதுதான், ஐயாவுக்கும் இதுதான்” என்றார் தமையனார். “வானத்துச் சந்திரன் எங்கே நின்றதோ அதுதானே, தம்பி, திதி?” என்று ரொறன்ரோவிலிருந்து எழுதினார் தமக்கையார். அன்று தொட்டு அங்கே ஒரு நாளும் இங்கே ஒரு நாளுமாகத் திவசம் நடந்து வருகிறது. இடையில் நிற்கும் யானோ இலக்கணம் படித்தவன். தொடர்நிலைச் செய்யுளின் இலக்கணத்தைக் கேட்டாற் சொல்வேன். சந்திரன் நின்ற இடத்தைக் கேட்டால் என் செய்வேன்?

பல்லாண்டு கழித்து இக்கேள்வியை மறுபடி எழுப்பியவன் மாணவன் ஒருவன். காலப் பெயர்கள் பற்றிய பாடத்தினிடையே, “ஐயா, இரண்டு பஞ்சாங்கமும் ஒரே சந்திரனைத்தானே கணிக்கின்றன?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. யான் சிரிக்கவில்லை. அன்று மாலையே எங்கள் கணித ஆசிரியரை நாடினேன். வாக்கியக் கணிதத்தின் வாயிலில் ஓர் எண் நிற்கிறது என்றும், அதனை அறியாமல் உள்ளே புக முடியாது என்றும் அவர் சொன்னார். அந்த எண்தான் இக்கட்டுரையின் தலைப்பு: 16,00,984.

பெரிய எண்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. ஐ, அம், பல் என்னும் ஈறுகளையுடைய எண்ணுப் பெயர்களுக்குத் தொல்காப்பியர் புணர்ச்சி விதி கூறினார். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் அவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தந்தனர். அவை அளவிறந்த பன்மையைக் குறிக்க எழுந்த பெயர்கள். நம் எண்ணோ அத்தகையதன்று. இதில் ஓர் ஒன்று குறைந்தாலும் கூடினாலும் அன்றைய சந்திரன் இடம் மாறிப்போகும்.

இவ்வெண் நாட்களின் தொகை. கலியுகம் தொடங்கியதாகக் கணிதர் கொள்ளும் நாள் கி.மு. 3102ஆம் ஆண்டு பெப்ரவரி 18, அது வெள்ளிக்கிழமை. அந்நாள் முதலாகச் சென்ற நாட்களை எண்ணிக்கொண்டே வருவது கலிதினம் எனப்படும். மாதமும் ஆண்டும் நாட்டுக்கு நாடு மாறுபடும், நாளெண்ணிக்கை மாறுபடாது. வரலாற்றாசிரியரும் வானநூலாரும் இன்றும் இத்தகைய தொடர் நாளெண்ணையே நம்புவர்.

முதலில் இவ்வெண்ணைப் பகுத்துப் பார்ப்போம். இரட்டை எண் ஆதலால் இரண்டாற் பிரியும், மும்முறை பிரியும். அதாவது எட்டால் வகுத்தால் 2,00,123 வரும். அதனை ஏழால் வகுத்தால் 28,589; அதனைப் பதினொன்றால் வகுத்தால் 2,599; அது 23ஐ 113ஆற் பெருக்கிய தொகை. ஆகவே 8, 7, 11, 23, 113 ஆகிய ஐந்தையும் தம்முட் பெருக்கினால் 16,00,984 கிடைக்கும். மாணவர்கள் தாளில் இதனைச் சரிபார்த்துக்கொள்க.

இவற்றுள் ஏழு என்னும் காரணி நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. கிழமைகள் ஏழு. கலியின் முதல் நாள் வெள்ளி. சென்ற நாட்களின் தொகை ஏழால் மீதமின்றிப் பிரியுமாயின், அந்நாளும் வெள்ளியே. எனவே இவ்வெண்ணால் சுட்டப்படும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை என்பதை, வேறு எந்தக் கருவியும் இன்றி அறிந்துகொள்கிறோம். அது எந்த வெள்ளி? நாட்களை ஆண்டாக்கினால் 4,383 ஆண்டும் சில மாதமும் ஆகும். முடிவு, கி.பி. 1282ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள். அந்நாளைய காலண்டரில் அது வெள்ளிக்கிழமையாகவே இருக்கிறது. எண்ணும் நாளும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன.

நம் நாட்டு நினைவுக்கு இக்காலம் மிகத் தொலைவானதன்று. அந்த வெள்ளிக்கிழமைக்கு 28 ஆண்டு கழித்து, 1310இல், தம்பதெனியாவிலே போசராச பண்டிதர் சரசோதிமாலையை அரங்கேற்றினார். காலம் தெளிவாகத் தெரியும் ஈழத்துத் தமிழ் நூல்களுள் அது தொன்மையானது. அதுவும் சோதிட நூலே.

இனி, அந்த வெள்ளியின் சிறப்பு யாது? அன்று காலை ஞாயிறு எழும்போது சந்திரன் தன் உச்சத்தில் நின்றது என்பது வாக்கியக் கணிதரின் கொள்கை. உச்சம் எது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். சந்திரன் பூமியை ஒரே வேகத்திற் சுற்றுவதில்லை. தொலைவில் நிற்கும்போது மெல்ல நடக்கும். அணுகி வரும்போது விரைந்து நடக்கும். நாளொன்றுக்கு அது செல்லும் தூரம் சராசரியாக 13 பாகை 10 கலை. அந்தத் தொலைவின் எல்லையே உச்சம். மந்தோச்சம் என்றும் கூறுவர். ஓர் உச்சத்திலிருந்து மறு உச்சத்துக்கு வரச் சந்திரனுக்கு 27 நாள் 13 மணி 18½ நிமிடம் ஆகிறது.

இங்கேதான் கணிதனுக்குத் தொல்லை. இச்சுற்று முழு நாளில் முடிவதில்லை. இன்று சூரியோதயத்தில் உச்சத்தில் நின்ற சந்திரன், அடுத்த முறை உச்சத்துக்கு வரும்போது இரவாகியிருக்கும். ஆகவே, எத்தனை சுற்றுக்கள் கூடினால் முழு நாளாகும் என்று தேடவேண்டும். ஒன்பது சுற்றுக்கு 248 நாள். மிகை 13 நிமிடமே. 110 சுற்றுக்கு 3,031 நாள். பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 449 சுற்றுக்கு 12,372 நாள். மிகை பத்து நிமிடம் வரை.

இம்மூன்று எண்களும் தனித்தனியே பிறந்தவை அல்ல, ஒரு குடும்பத்தவை. 248ஐப் பன்னிரண்டாற் பெருக்கி 55ஐக் கூட்டினால் 3,031. அந்த 55 யாது? இரண்டு சுற்றுக்கு மிக அணித்தான முழு நாள். 3,031ஐ நான்காற் பெருக்கி 248ஐக் கூட்டினால் 12,372. சுற்றுக்களின் தொகையும் அவ்வாறே: ஒன்பதைப் பன்னிரண்டாற் பெருக்கி இரண்டைக் கூட்ட 110, நூற்றுப்பத்தை நான்காற் பெருக்கி ஒன்பதைக் கூட்ட 449. பின்னம் அடங்காத ஓர் அளவை முழு எண்களின் விகிதத்தால் மேன்மேலும் அணுகும் இவ்வழியை இக்காலக் கணிதர் தொடர்பின்னம் என்பர். ஓலையும் எழுத்தாணியும் கொண்டவர்கள் பஞ்சாங்கத்துக்காகக் கண்ட படிகளும் அதே ஒழுங்கில் அமைந்திருக்கின்றன.

இனிக் கணக்கின் நடையைப் பார்ப்போம். வேண்டிய நாளின் கலிதினத்தை எடுத்து, அதிலிருந்து 16,00,984ஐக் கழிக்கவேண்டும். மீதியை 12,372ஆல் வகுக்கவேண்டும். அதன் மீதியை 3,031ஆல். அதன் மீதியை 248ஆல். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஈவுக்கு உரிய துருவம் என்னும் இராசி, பாகை, கலைகளைத் தனியே கூட்டிவைக்கவேண்டும். இறுதியில் நிற்கும் மீதி 248க்குக் குறைந்த ஓர் எண். அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால், உச்சத்திலிருந்து அத்தனை நாளிற் சந்திரன் சென்ற தூரம் கிடைக்கும். வாக்கியங்கள் மொத்தம் 248. முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை. சராசரிக்குக் குறைவாக இருத்தலால், சந்திரன் உச்சத்தருகே மெல்ல நடப்பது அதிலேயே தெரிகிறது. இறுதி வாக்கியம் முழுச் சுற்றுக்களை நீக்கி 27 பாகை 44 கலை. எந்த நூற்றாண்டுக்கும் இந்த 248 வரிகளே போதும் என்பதுதான் முறையின் அழகு.

எடுத்துக்காட்டு ஒன்று செய்து பார்ப்போம். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாளைக் கொள்வோம். அந்நாளை ஏன் தேர்ந்தேன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன். அன்றைய கலிதினம் 18,00,701. ஏழால் வகுத்தால் மீதமில்லை, ஆகவே வெள்ளிக்கிழமை. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 1,99,717. அதில் 12,372 பதினாறு முறை அடங்கி 1,765 மிஞ்சும். அது 3,031க்குக் குறைவு. ஆதலால் அப்படி வெறுமை. 1,765இல் 248 ஏழு முறை அடங்கி 29 மிஞ்சும். ஆகவே அன்றைக்கு உரியது 29ஆம் வாக்கியம். ஒரு சுற்று ஏறத்தாழ 27½ நாள் ஆதலால், அன்று காலை சந்திரன் உச்சத்தைக் கடந்து ஒன்றரை நாள் வரை ஆகியிருந்தது என்பதும் தெரிகிறது. நான்கு வரியில் முடிந்த கணக்கு!

கழிக்கும் எண்ணுக்கு வேறு மந்திரம் இல்லை என்பதும் இங்கே விளங்கும். உச்சமும் உதயமும் கூடிய எந்த நாளும் தொடக்கமாக நிற்கக்கூடும். அண்மையில் உள்ள நாளைக் கொண்டால் வகுக்கும் எண் சிறிதாகும், அவ்வளவே. கலியின் முதல் நாளையே தொடக்கமாகக் கொண்டால் என்ன என்று என் மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. 16,00,984ஐ இதே வழியில் வகுத்துப் பார்த்தால் இறுதியில் 229 மிஞ்சுகிறது. கலி பிறந்தபோது கிரகங்கள் மேடத்தின் தலையில் ஒன்றுகூடி நின்றதாகக் கொண்ட ஆரியபடர் நெறியிலும், சந்திரனின் உச்சம் அவ்விடத்தில் இல்லை. மூன்று இராசி தள்ளியே வைக்கப்பட்டது. ஆதலால் அந்நாள் இதற்குப் பொருந்தாது.

இத்தனை எண்களையும் நினைவில் வைப்பது எப்படி? இங்கே கணிதம் எம் துறைக்குள் வருகிறது. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறை அது. ககரம் முதலாக ஒன்று, டகரம் முதலாக ஒன்று, பகரம் முதலாக ஒன்று, யகரம் முதலாக ஒன்று என்று மெய்யெழுத்துக்கள் எண் பெறும், உயிருக்கு மதிப்பில்லை, எண்ணை வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். ‘தேவர’ என்பது 8, 4, 2, திருப்பினால் 248. ‘கலாநில’ என்பது 1, 3, 0, 3, திருப்பினால் 3,031. ‘ரசகைரிக’ என்பது 2, 7, 3, 2, 1, திருப்பினால் 12,372. நம் பெரிய எண்ணுக்கு ‘வேத’ என்று தொடங்கும் பெயர் உண்டு. வகரம் 4, தகரம் 8 ஆதலால் எண்ணின் இறுதியிலுள்ள 84 அதில் நிற்கிறது.

தமிழ் எழுத்துக்கு இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு. ‘ரசகைரிக’ என்பதில் ககரம் இருமுறை வருகிறது. வடவெழுத்தில் முன்னது மூன்றாம் ககரம், பின்னது முதற் ககரம். ஆதலால் முன்னது 3, பின்னது 1. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ‘தேவர’ என்பதன் தகரமும் மூன்றாம் தகரம் என்று அறிந்தாலன்றி எட்டு வராது. ஆதலால் இவ்வாக்கியங்களைக் கிரந்த எழுத்தில் எழுதினர். தமிழ் மட்டும் அறிந்தவர் ஆசிரியர் வாயினின்று கேட்டே பாடஞ்செய்யவேண்டியிருந்தது. எழுத்துப் போதாத இடத்தைச் செவி நிரப்பிற்று.

இம்முறையை மேல்நாட்டார் கண்டு வியந்த கதை சுவையுடையது. வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும் காட்சியைப் பார்க்கப் பிரான்சு நாட்டு வானநூலார் லெ ஜெந்தில் இந்தியா நோக்கிப் புறப்பட்டார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டமையால் கடலிலேயே காலங்கழிந்தது; எட்டாண்டு காத்திருந்தார்; 1769இல் புதுச்சேரியிலேயே நின்றபோது மேகம் மறைத்தது. வெள்ளியை இழந்தவர் வேறொன்றைப் பெற்றார். அவ்வூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று, இந்நான்கு எண்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார். 1765ஆம் ஆண்டு ஓகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அக்காலத்தில் ஐரோப்பா முழுதும் போற்றிய மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது.

பின்னர், சென்னை வானாய்வுக்கூடத்தை நடத்தியிருந்த யோன் வாரன் என்பார் 1825இல் ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் புதுச்சேரியிற் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தாளும் எழுத்தும் இன்றி, நிலத்திற் சோகிகளைப் பரப்பி, மனனமாயிருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடம், நடுவில் இருபத்து மூன்று, முடிவில் ஐம்பத்திரண்டு.

மேடைகளில் நாம் 41 விநாடிக் கதையைச் சொல்கிறோம்; 52 நிமிடக் கதையைச் சொல்வதில்லை. இரண்டும் மெய். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவன் பெருமை பேசுகிறான், வரலாறு சொல்லவில்லை. சோகியால் எண்ணிய அம்முதியவரை யான் மதிப்பது அவர் பிழை செய்யாமையால் அன்று. தமக்கு ஐந்நூறு ஆண்டு முன் வாழ்ந்தோர் வகுத்த கணக்கை ஓர் எண்ணும் சிதையாமல் நெஞ்சில் ஏந்தி வந்தமையால்.

இன்னொரு மெய்யையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 248 என்னும் எண் நம்முடையது மட்டும் அன்று. பாபிலோனியரின் களிமண் ஏடுகளில் அது இருக்கிறது. எகிப்தின் மணலிற் கிடைத்து, இன்று மாஞ்செஸ்ரர் நகரிலுள்ள கிரேக்கப் பாப்பிரசு ஒன்றில் 248உம் 3,031உம் இணைந்தே நிற்கின்றன. 1952இல் ‘தமிழ் வானியல்’ பற்றி ஆராய்ந்து எழுதிய ஒற்றோ நொய்கபவர் இவ்வுறவை எடுத்துக்காட்டினார். அவ்வெண்கள் கடல் கடந்து வந்தனவா, வானத்தைப் பார்த்த எவரும் அடையக்கூடியனவா என்று அறிஞர் வாதிடலாம். ஆனால் பதினாறு இலட்சத்துச் சொச்சமாகிய எண் வந்தேறி அன்று. அது கலியிலிருந்து எண்ணப்பட்டது. தென்னாட்டு வாக்கியகரணம் என்னும் நூலின் அத்திவாரம். அந்நூலைக் குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் ஆராய்ந்து 1962இல் சென்னையிலிருந்து பதிப்பித்தனர். மலையாள நாட்டு மாதவர் இவ்வாக்கியங்களையே விகலை வரை நுணுக்கித் திருத்தினார் என்பதும் நினையத்தக்கது. முன்னோர் வாக்கு என்பதற்காக அவர் திருத்தாமல் விட்டாரல்லர்.

இனி 1829ஆம் ஆண்டு மார்ச்சு 20ஐத் தேர்ந்த காரணம். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் அமெரிக்க மிசனாரால் நிறுவப்பட்டது. அதன் தலைவர் தானியேல் பூவர். அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்னும் பேர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் வாழ்ந்தார். அன்று மாலை சந்திர கிரகணம். அது தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறையும் அளவு ஆகியவற்றில் சாஸ்திரியார் கணக்கும் பூவர் கணக்கும் வேறுபட்டன. செமினரி மாணவரும் ஊரவரும் வானத்தைப் பார்த்து நின்றனர். வானம் பூவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. சமய வாதத்தின் நடுவே நிகழ்ந்தமையால் அது வெற்றியாகவும் தோல்வியாகவும் எழுதப்பட்டது. ஆனால் அக்கல்லூரியே பின்னர் வேறொரு தொண்டும் செய்தது. அங்கே தலைமை வகித்த கொய்சிங்ரன் இந்து வானநூலைக் கற்று, தமிழ் நூலொன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1848இல் வெளியிட்டார். கிரகண இரவில் எதிரெதிர் நின்றவை பின்னர் ஒரே நூலில் எதிரெதிர்ப் பக்கமாயின.

பிழை எங்கிருந்து வந்தது? இதுவே என் வீட்டு வழக்கின் வேரும் ஆம். முதற் காரணம் சிறியது. 12,372 நாளுக்குப் பத்து நிமிடம் மிகை என்றேன். 1282 முதல் இன்றுவரை அது ஏறத்தாழ 22 முறை சேர்ந்துவிட்டது. தொடக்கத்தில் யாதொரு பிழையும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், உச்சம் இன்று மூன்றரை மணி நேரத்துக்கு மேல் விலகியிருக்கும். எனினும் இதனாற் சந்திரனின் இடத்தில் வரும் மாற்றம் ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாது.

பெரிய காரணம் வேறு. சந்திரனைப் பூமி மட்டும் இழுக்கவில்லை, ஞாயிறும் இழுக்கிறது. அதனால் அதன் நடை வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் ஏற்ப வேறுபடும். உச்சத்தால் வரும் வேறுபாடு பூரணையிலும் அமாவாசையிலும் ஐந்து பாகை வரை. பாதிமதி நாட்களிலோ ஏழரைப் பாகை வரை. பண்டைக் கணிதர் சந்திரனைக் கிரகணத்திலே வைத்து அளந்தனர். கிரகணம் பூரணையிலும் அமாவாசையிலுமே நிகழும். ஆதலால் அவர்கள் ஐந்து பாகையை மட்டும் கண்டு, அதனையே எல்லா நாளுக்கும் விதித்தனர். முஞ்சாலர் போன்ற சிலர் பத்தாம் நூற்றாண்டிலேயே இரண்டாவது திருத்தம் ஒன்றைச் சொன்னாராயினும், வாக்கிய வழி அதனை ஏற்கவில்லை. திருக்கணிதம் ஏற்றுக்கொண்டது. அப்பெயரிலுள்ள ‘திருக்’ என்பது திருமகளைக் குறிக்கும் திரு அன்று. காட்சி என்னும் பொருளுடைய வடசொல். கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்த கணிதம் என்பதே அதன் பொருள்.

இதனால் விளைவது என்ன? பூரணையிலும் அமாவாசையிலும் இரு பஞ்சாங்கமும் பெரிதும் நெருங்கியிருக்கும். அங்கிருந்து நாட்கள் செல்லச் செல்ல விலகும். விலக்கம் மிகும் இடம் பாதிமதி. அதாவது அட்டமியை அடுத்த நாட்கள். அங்கே இரண்டரைப் பாகை வரை வேறுபாடு வரலாம். நேரத்தில் அது ஐந்து மணி வரை ஆகும். திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அவ்வளவு தள்ளிப்போகும்.

இதைக் கணித ஆசிரியர் விளக்கி முடித்தபோது, யான் நெடுநேரம் பேசாதிருந்தேன். எந்தையார் நீத்த பொழுது சத்தமிக்கும் அட்டமிக்கும் நடுவான பொழுது. இரு பஞ்சாங்கமும் ஒன்றைவிட்டு ஒன்று மிக விலகி நிற்கும் இடத்திலேதான் அவர் உயிர் போயிருந்தது. மூன்று நாள் முன்னோ பின்னோ ஆகியிருந்தால் இவ்வழக்கே எழாதிருக்கவும் கூடும். ஆண்டுகள் பலவாக ஒருவர் பிடிவாதம் என்றும் மற்றவர் புதுமை மோகம் என்றும் நாம் எண்ணி வந்தது, சந்திரனை ஞாயிறு இழுக்கும் இழுப்பு!

இதனைத் தமையனாருக்கு விரிவாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அப்படியெனில் அக்கா சொல்வதுதான் சரியா?” என்றார். வானத்துச் சந்திரனைக் கேட்டால் அக்கா சொல்வதே சரி என்றேன். பொய் சொல்லி அவரை ஆற்றுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. சற்று நேரம் கழித்து அவர், “ஐயா பஞ்சாங்கம் பார்த்தது சந்திரனைப் பிடிக்கவா? நாங்கள் எல்லோரும் ஒரு நாளில் கூடத்தானே” என்றார். அதற்கு விடை எந்த எண்ணிலும் இல்லை. அவ்வாண்டு ரொறன்ரோவுக்கு அவரே தொலைபேசி எடுத்தார். அடுத்த திவசத்துக்குத் தமக்கையார் ஊருக்கு வருவதென்றும், வருகின்ற ஆண்டில் அவருடைய நாளே எல்லோருக்கும் நாள் என்றும் முடிவாயிற்று. பழைய பஞ்சாங்கம் ஆணியிலிருந்து இறக்கப்படவில்லை. தமையனார் ஏனைய காரியங்களுக்கு இன்றும் அதனையே பார்க்கிறார்.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோளுடன் அமைகின்றேன். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் அழிந்தன. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பரண்களில் இருந்தவையும் பல போயின. எனினும் பஞ்சாங்கம் கணித்த குடும்பங்களில், கிரந்தத்தில் எழுதிய வாக்கிய ஏடு ஒன்றிரண்டு இன்னும் இருத்தல் கூடும். பொருள் விளங்கவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். ஓர் ஏட்டின் தலையில் ‘வேத’ என்றோ, நடுவில் ‘தேவர’ என்றோ கண்டால், அது மந்திரம் அன்று, எண் என்று அறிக. பல்கலைக்கழக நூலகத்துக்கோ, சுவடிகளைப் படமெடுத்துக் காப்போருக்கோ அறிவியுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. பெருக்கலும் வகுத்தலும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு, அவன் பிறந்த நாளின் கலிதினத்தைக் கொடுங்கள். 16,00,984ஐக் கழிக்கச் சொல்லுங்கள். மூன்று முறை வகுக்கச் சொல்லுங்கள். அன்று சந்திரன் தன் உச்சத்தைக் கடந்து எத்தனையாம் நாளில் நின்றது என்று அவனே கண்டு சொல்வான். பிறகு திருக்கணிதத்தையும் புரட்டி, எவ்வளவு பிழை என்றும் கேளுங்கள். அவ்விரண்டாவது கேள்வியை மறவாதீர்கள்.